ஒரே டிரான்ஸ்மிட்டர், மூன்று விதமான வாட்: டிஜிட்டல் டிவி சிக்னலைச் சூட்டை வைத்து அளந்த அனுபவம்

பொழுதுபோக்காக ரேடியோ அலையில் டிஜிட்டல் டிவி அனுப்பிப் பார்க்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் நாங்கள். ஒரே டிரான்ஸ்மிட்டர், ஒரே டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக மாற்றும் ரெசிஸ்டர்). என்னுடைய டிஜிட்டல் வாட் மீட்டரைச் செருகினால் 11 வாட் என்கிறது. மேலூர் அண்ணன் கொண்டுவந்த பழைய ஊசி மீட்டரைச் செருகினால் முள் 6-ஐத் தொடவில்லை. இரண்டுமே பழுதான மீட்டர்கள் இல்லை. மைக்கைப் பிடிக்காமல் வெறும் எஃப்.எம். கேரியரை (பேச்சு ஏறாத அலையை) விட்டால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன. டிஜிட்டல் டிவி சிக்னலை விட்டதும்தான் ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

"தம்பி, அப்போ நீங்க எத்தனை வாட்ல விடுறீங்கன்னு யாரை நம்புறது?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. திருநகரிலிருந்து மேலூர் வரை படம் போகுமா என்று கணக்குப் போடும்போது, ஆண்டெனா கெயின், கேபிள் இழப்பு, நடுவில் நிற்கும் ஆனைமலை எல்லாவற்றையும் எழுதிவிட்டு முதல் வரியில் தப்பான வாட்டைப் போட்டால் மற்றதெல்லாம் வீண். 11-க்கும் 6-க்கும் இடையே இரண்டரை டெசிபல் வித்தியாசம் இருக்கிறது (டெசிபல் மடங்கைச் சொல்லும் அளவு: 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு). டிஜிட்டல் டிவியில் படம் தெளிவாக வருவதற்கும் திரை கறுப்பாகிப் போவதற்கும் அதில் பாதியே போதும்.

முதலில் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எஃப்.எம்.மில் பேசினாலும் பேசாவிட்டாலும் அலையின் உயரம் மாறாது, அதிர்வெண்தான் ஆடும். கோடைப் பண்பலை 100.5-இல் பாட்டு ஓடினாலும் அமைதியாக இருந்தாலும் அங்கிருந்து வெளியேறும் வாட் ஒன்றுதான். அதனால் எஃப்.எம்.முக்கு எந்த மீட்டரும் பொருந்தும். டிஜிட்டல் டிவி அப்படி இல்லை. நாங்கள் அனுப்புவது சாட்டிலைட் டிவிக்கான டி.வி.பி.-எஸ் முறை. அதில் இருப்பது கியூ.பி.எஸ்.கே., அதாவது அலையை நான்கு நிலைகளுக்கு (புள்ளிகளுக்கு) இடையே மாற்றி மாற்றித் தகவலை அனுப்புவது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவும்போது அலையின் உயரம் நொடிக்குப் பல லட்சம் தடவை ஏறி இறங்கும். உச்சம் சராசரியைவிட மூன்று, நான்கு டெசிபல் மேலே போகும். வைஃபை, தரைவழி டிவிக்கான டி.வி.பி.-டி போன்ற, பல கேரியர்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம். சிக்னல்களில் இது 10 டெசிபல் வரைக்கும் போகும்.

சாதாரண வாட் மீட்டருக்குள் இருப்பது பவரில் ஒரு துளியை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு கப்ளர், ஒரு டையோடு, ஒரு கெப்பாசிட்டர். டையோடு தருவது வோல்ட்டேஜ். அதை வாட்டாக மாற்றும் கோடுகள் எல்லாம் உயரம் மாறாத சைன் அலைக்குப் போட்டவை. கெப்பாசிட்டர் பெரிதாக இருந்து, பின்னால் இருக்கும் சர்க்கியூட் கரண்ட்டே இழுக்கவில்லை என்றால், அது ஒவ்வொரு உச்சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அதையே முழுநேர அளவு என்று காட்டும். என் டிஜிட்டல் மீட்டர் இந்த வகை. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தில் நின்று தலையை எண்ணிவிட்டு, மதுரையில் தினமும் இவ்வளவு கூட்டம் என்று எழுதுவது போலத்தான் இது.

ஊசி மீட்டர் இதற்கு நேர்மாறு. முள்ளை நகர்த்தும் காயில் கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் உச்சம் தங்காது, உயரத்தின் சராசரிதான் நிற்கும். சராசரி வோல்ட்டேஜை வர்க்கம் செய்தால், வர்க்கங்களின் சராசரியைவிட எப்போதும் குறைவாகத்தான் வரும். அதனால் ஊசி மீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டு டோன் சிக்னலை (ஒரே பலமுள்ள இரண்டு சைன் அலைகளின் கூட்டை) வைத்தால் இந்தக் கணக்கு பளிச்சென்று தெரியும். உண்மையான சராசரி, உச்ச பவரில் சரிபாதி. ஊசி மீட்டரோ உச்சத்தில் 40.5 சதவீதத்தைத்தான் காட்டும். உண்மையில் 10 வாட் போனால் முள் 8.1-இல் நிற்கும். இரைச்சல் மாதிரியான சிக்னல் என்றால் இந்தக் குறைவு 1.05 டெசிபல்.

ஆக, அலையின் வடிவம் எப்படி இருந்தாலும் ஏமாறாத ஒரு அளவு வேண்டும். அது சூடு. 50 ஓம் ரெசிஸ்டருக்குள் போகிற ஒவ்வொரு ஜூலும் சூடாகத்தான் மாறும். ரெசிஸ்டருக்கு கியூ.பி.எஸ்.கே.வும் தெரியாது, எஃப்.எம்.மும் தெரியாது. அதே ரெசிஸ்டரில் டி.சி. விட்டு, வோல்ட்டையும் ஆம்பியரையும் மல்டிமீட்டரில் பார்த்தால் அங்கே எத்தனை வாட் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். எந்த டி.சி. வாட்டுக்கு அதே அளவு சூடு ஏறுகிறதோ அதுதான் ஆர்.எஃப். (ரேடியோ அலை) வாட். அளவியல் ஆய்வகங்களில் மைக்ரோகலோரிமீட்டர் என்று வைத்திருக்கும் கருவிகளுக்கும் அடிப்படை இதே டி.சி. மாற்று முறைதான். அவர்கள் மில்லிவாட்டை மிகத் துல்லியமாக அளக்கிறார்கள். எங்களுக்குச் சில வாட்டை இரண்டு மூன்று சதவீதத்துக்குள் தெரிந்தால் போதும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

பொருட்கள் அதிகம் இல்லை. 100 வாட் தாங்கும் ஃபிளாஞ்ச் வகை 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் 100-க்கு 75 மி.மீ. அளவில் ஒரு துண்டு. லேத் பட்டறையில் கொடுத்து ஒரு பக்கத்தைச் சமமாக்கி, ஸ்க்ரூ துளைகளுக்கு டேப் போட்டு வாங்கினேன். ஒரு என்-டைப் சாக்கெட், தெர்மல் பேஸ்ட், டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய சில்லறைச் சாமான்கள். வெப்பம் பார்க்க இரண்டு டி.எஸ்.18பி20 சென்சாரும் ஒரு அர்டுயினோவும். மூடி வைக்க, மீன் கடையில் ஐஸ் போட்டு வைப்பார்களே, அந்தத் தெர்மாகோல் பெட்டி. புதிதாகவே கிடைக்கிறது, பக்கமெல்லாம் நல்ல தடிமன்.

தகட்டின் எடை சுமார் 240 கிராம். அலுமினியம் ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏற 0.9 ஜூல் வேண்டும் என்பதால், மொத்தத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 220 ஜூல். 6 வாட் விட்டால் நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். டி.எஸ்.18பி20 தன் அளவில் அரை டிகிரி தப்பாக இருக்கலாம். ஆனால் இங்கே வேண்டியது ஏற்றம் மட்டும்தான், அதில் 0.0625 டிகிரி வரைக்கும் பிரித்துக் காட்டும். ஐந்து நிமிடத்தில் எட்டு டிகிரி ஏறினால் நூற்றுக்கு மேற்பட்ட படிகள் கிடைக்கின்றன. ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடலாம்.

ரெசிஸ்டரின் காலைச் சாக்கெட்டின் நடு முனைக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டக் கொண்டுவந்து சால்டர் செய்ய வேண்டும். 435 மெகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் கம்பி என்பது சும்மா இல்லை, அது ஒரு இண்டக்டர். சாக்கெட்டின் உலோக உடம்பு தகட்டில் நேராக அழுந்தி உட்கார வேண்டும். முடித்ததும், அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் நானோ வி.என்.ஏ. என்ற சிறு கருவியில் பார்த்தேன். ரிட்டர்ன் லாஸ் 26 டெசிபல். திரும்பி வருவது கால் சதவீதம், அதை மறந்துவிடலாம். 20 டெசிபலுக்குக் குறைவாக வந்தால் காலை இன்னும் வெட்டிக் குறைப்பது நல்லது.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆர்.ஜி.-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு 0.35 டெசிபல் அளவில் தின்னும். இரண்டு மீட்டர் போட்டால் 15 சதவீதம் வழியிலேயே போய்விடும், பெட்டிக்குள் சூடாக வராது. 30 செ.மீ. டெஃப்லான் கேபிள் போட்டேன், அதன் இழப்பு 0.08 டெசிபல். கேபிளை இதைவிடக் குறைத்தால் வேறு தொல்லை: ஆம்பிளிஃபயரின் சூடே கேபிள் வழியாக உள்ளே வந்துவிடும். இன்னொன்று, கேபிள் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேயும் கசியும். அதனால் டி.சி. விடும்போதும் அதே கேபிளைக் கழற்றாமல், அதன் மறு முனையில் டி.சி.யைக் கொடுக்க வேண்டும். கசிவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் கணக்கில் அடித்துப்போகும். டி.சி. கொடுக்கும் நேரத்தில் டிரான்ஸ்மிட்டர் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரெசிஸ்டர் சரியாக 50 ஓமா என்று கவலைப்பட வேண்டாம். வோல்ட்டையும் கரண்ட்டையும் இரண்டு மல்டிமீட்டரில் ஒரே நேரத்தில் பார்த்துப் பெருக்கினால் போதும். 15.8 வோல்ட்டுக்கு 5 வாட், 22.4 வோல்ட்டுக்கு 10 வாட் என்ற ஏட்டுக் கணக்கு ஒரு சரிபார்ப்புக்கு மட்டும்.

மதுரை வெயிலில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடி அறையில் காலை பத்து மணிக்கு மேல் அறையின் வெப்பமே ஏறிக்கொண்டு போகும். கத்திரி நேரத்தில் கேட்கவே வேண்டாம். ஃபேனைப் போட்டால் பெட்டியின் ஒரு பக்கம் குளிரும். எனவே விடிகாலையில், ஃபேனை நிறுத்திவிட்டு அளந்தேன். இரண்டாவது சென்சாரைப் பெட்டிக்குள்ளேயே, தகட்டைத் தொடாமல், ஒரு மூலையில் வைத்தேன். தொடங்கும் முன் இரண்டுக்கும் இடையே கால் டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தொடங்குவதில்லை. கரண்ட் போய் வந்தால் பவர் சப்ளையின் வோல்ட் கொஞ்சம் நகரும் என்பதால், டி.சி.க்கு பேட்டரியும் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டரும் வைத்துக்கொண்டேன்.

சென்சார் ஒயரில் ஆர்.எஃப். ஏறினால் அர்டுயினோ திடீரென்று 85 டிகிரி என்று கத்தும். ஃபெரைட் மணியும், ஷீல்டு போட்ட ஒயரும், சென்சாரின் கால் அருகே ஒரு சிறிய கெப்பாசிட்டரும் போட்டதும் அமைதியானது. சூடேறும் ஐந்து நிமிடத்தில் ஆர்.எஃப்.பை ஒரு நொடி நிறுத்திப் பார்த்து, எண் தாவவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம்.

டி.சி.யில் 5 வாட்டுக்கு ஐந்து நிமிடத்தில் 6.7 டிகிரி, 10 வாட்டுக்கு 13.3 டிகிரி. நேர்கோடு. அதாவது வாட்டுக்கு 1.33 டிகிரி. இந்த ஒரு எண்தான் இந்தக் கருவியின் உயிர்.

அடுத்து ஆர்.எஃப். சிக்னல் பிளூட்டோ என்ற மென்பொருள் ரேடியோவிலிருந்து வருகிறது, நடுவில் டிரைவர் என்ற சிறு ஆம்பிளிஃபயர், கடைசியில் ஆர்.ஏ.30எச்4047எம் என்ற 30 வாட் ஆம்பிளிஃபயர் மாட்யூல், அதன் பின் ஒரு லோ பாஸ் ஃபில்டர். ஃபில்டர் கட்டாயம் வேண்டும். சூட்டுக்கு ஹார்மோனிக்கும் (இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் வேண்டாத அலையும்) வாட்தான், எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை புள்ளி மாறுகிறது என்பது) 1 மெகா, அதாவது பத்து லட்சம், மையம் 436 மெகாஹெர்ட்ஸ். எல்லாம் டம்மி லோடிலேயே, வெளியே ஒன்றும் போகவில்லை. காற்றில் விடும்போது சிம்பல் ரேட்டைக் குறைத்து 434.5-க்கு வந்துவிடுவோம், 435-க்கு மேலே சாட்டிலைட்காரர்களின் இடம்.

முதலில் வெறும் கேரியர். சூடு 8.4 டிகிரி, அதாவது 6.3 வாட். டிஜிட்டல் மீட்டர் 6.4, ஊசி மீட்டர் 6.2. மூன்றும் சேர்ந்து நின்றன. அப்புறம் டிஜிட்டல் டிவி சிக்னலை ஆன் செய்து, சூடு மறுபடி 8.4 டிகிரி வரும்படி டிரைவை (ஆம்பிளிஃபயருக்குள் கொடுக்கும் அளவை) வைத்தேன். டிஜிட்டல் மீட்டர் 11-க்குப் போனது. ஊசி 5.9-க்கு இறங்கியது. தகட்டுக்குள் இறங்கிய சூடு மட்டும் இரண்டு தடவையும் ஒன்றே.

ஊசி மீட்டர் இவ்வளவு நெருக்கமாக வந்ததைப் பார்த்து எல்லாவற்றுக்கும் அதையே நம்பலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கியூ.பி.எஸ்.கே.யில் உயரம் ஆடுவது குறைவு, அதனால்தான் தப்பித்தது. அடுத்து ஓ.எஃப்.டி.எம். சிக்னலை விட்டுப் பார்த்தோம். 10 டெசிபல் உச்சத்துக்கு இடம் வேண்டும் என்பதால் சராசரியை 2 வாட்டுக்கு இறக்கி, சூட்டைப் பதினைந்து நிமிடம் ஏற விட்டோம், டி.சி.யிலும் அதே பதினைந்து நிமிடம். டிஜிட்டல் மீட்டர் 5-க்கு மேல் காட்டியது. ஊசி 1.6. இரண்டுமே இப்போது ஒரு டெசிபலோ அதற்கு மேலோ விலகிவிட்டன, ஒன்று மேலே, ஒன்று கீழே.

தினமும் தெர்மாகோல் பெட்டியோடு உட்கார முடியாது. எனவே சூட்டை வைத்து மற்ற இரண்டு வழிகளைச் சரிபார்த்தோம்.

ஒன்று, டையோடையே ஒழுங்காக நடத்துவது. ஷாட்கி டையோடுக்கு வரும் பவர் மைனஸ் 20 டி.பி.எம்.முக்குக் (ஒரு மில்லிவாட்டை விட 20 டெசிபல் குறைவு) கீழே இருந்தால், அதன் வெளியீடு வோல்ட்டேஜுக்கு அல்ல, பவருக்கே நேர்விகிதத்தில் இருக்கும். அப்போது அலை எப்படி ஆடினாலும் சராசரி பவர் சரியாக வரும். 6.3 வாட் என்பது பிளஸ் 38 டி.பி.எம். இந்த வாட்டைத் தாங்கும் 30 டெசிபல் அட்டனுவேட்டர் (பவரைக் குறைத்துத் தரும் துண்டு) ஒன்று, பின்னால் 20, அதற்குப் பின் 10. டையோடுக்கு வருவது மைனஸ் 22. கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே, நல்ல ஆப்-ஆம்ப் வேண்டும். சரியான இடத்தில் இருக்கிறோமா என்று பார்க்க நடுவில் இன்னொரு 3 டெசிபல் போடுங்கள். மில்லிவோல்ட் பாதியானால் சரி. பாதியைவிட அதிகமாக நின்றால் டையோடு இன்னும் வோல்ட்டேஜ் மீட்டராகத்தான் வேலை செய்கிறது. எங்களுக்குக் கேரியரிலும் டிவி சிக்னலிலும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் ஒரே மில்லிவோல்ட் வந்தது. புதிதாகக் கட்டுகிறவர்கள் டையோடுக்குப் பதில் ஏ.டி.8362 போன்ற, உண்மையான சராசரி பவரைக் காட்டும் ஆர்.எம்.எஸ். டிடெக்டர் ஐ.சி.யைப் போடலாம், அது 60 டெசிபலுக்கும் மேல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். எல்லோரிடமும் இருக்கும் ஏ.டி.8307 வேண்டாம். அது லாக் டிடெக்டர், அலையின் வடிவம் மாறினால் அதன் எண்ணும் மாறும்.

இரண்டாவது, டைனி எஸ்.ஏ. மாதிரி சிறிய ஸ்பெக்ட்ரம் அனலைசர், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பவர் என்று திரையில் வரைந்து காட்டும் கருவி. இதில்தான் நிறையப் பேர் தடுக்குகிறார்கள். திரையில் தெரியும் மேட்டின் உயரம் மொத்தப் பவர் இல்லை. ரெசல்யூஷன் பேண்ட்வித் எவ்வளவோ, அந்த ஜன்னலுக்குள் விழுந்த பவர் மட்டும்தான். 1 மெகா சிம்பல் ரேட் சிக்னலை 10 கிலோஹெர்ட்ஸ் ஜன்னலில் பார்த்தால் நூறில் ஒரு பங்குதான் தெரியும். ஆகவே 20 டெசிபல் கூட்ட வேண்டும். இந்த வகை சிக்னலுக்கு ஒரு வசதி உண்டு: ஓரங்களில் சரிந்து இறங்கும் பகுதியைப் பற்றிக் கவலைப்படாமல், தட்டையான மேட்டின் உயரத்தை எடுத்து அகலத்துக்கு சிம்பல் ரேட்டையே போடலாம். இரண்டு சரிவும் சேர்ந்து கணக்கைச் சமன் செய்துவிடும்.

இதோடு முடியவில்லை. திரை நடுங்குகிறதே என்று ஆவரேஜ் போட்டால், பல அனலைசர்கள் டெசிபல் எண்களையே சராசரி எடுக்கும். இரைச்சல் மாதிரியான சிக்னலுக்கு அது உண்மையைவிட 2.51 டெசிபல் குறைவு. எங்களுக்குத் திரையில் மைனஸ் 44.4 வந்தது. 2.5 கூட்டி மைனஸ் 41.9. ஜன்னலுக்கு 20, அட்டனுவேட்டருக்கு 60. பிளஸ் 38.1 டி.பி.எம்., அதாவது 6.5 வாட். சூட்டோடு ஒட்டிப்போகிறது. ஆனால் இது ஒட்டியதற்குக் காரணம், முன்னதாகவே சூட்டில் அளந்த 6.3 வாட் கேரியரைக் காட்டி அனலைசரைச் சரிசெய்திருந்தோம், மூன்று அட்டனுவேட்டரையும் நானோ வி.என்.ஏ.வில் தனித்தனியாக அளந்து எழுதியிருந்தோம். இந்த இரண்டும் இல்லாமல் அட்டனுவேட்டர் மேல் அச்சடித்த எண்ணை நம்பி இறங்கினால், ஒவ்வொன்றிலும் அரை டெசிபல் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வந்தது. உச்சத்தைக் காட்டும் டிஜிட்டல் மீட்டரையும் சராசரியைக் காட்டும் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரைவை ஏற்றிக்கொண்டே போனோம். 6.3 வாட்டில் டிஜிட்டல் மீட்டர் 1.75 மடங்கு காட்டியது. 12 வாட்டுக்குப் போனபோது அது 18-தான் காட்டியது, 1.5 மடங்கு. மீட்டர் மாறவில்லை. மாட்யூல் மூச்சுத் திணற ஆரம்பித்து உச்சங்களை வெட்டிவிட்டது. அனலைசரில் பார்த்தால் சிக்னலின் இரண்டு பக்கமும் தோள் எழும்பியிருந்தது: மைனஸ் 32-இல் இருந்தது மைனஸ் 24-க்கு வந்துவிட்டது. பக்கத்து அலைவரிசையில் இருப்பவருக்கு அது நேரடித் தொந்தரவு. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற யு.எஸ்.பி. ரிசீவரில் பதிந்து உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டதிலும் 3.6 டெசிபல் 2.6 ஆகக் குறைந்திருந்தது. 30 வாட் மாட்யூலை 7 வாட்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். டிஜிட்டல் மீட்டரையும் தூக்கிப் போடவில்லை. சூட்டோடு அதன் விகிதம் 1.7-க்குக் கீழே போனால் டிரைவைக் குறை என்று அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.

மேலூர் அண்ணனின் ஆம்பிளிஃபயர் 1,265 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே என் லோடின் ரிட்டர்ன் லாஸ் 17 டெசிபல்தான், இரண்டு சதவீதம் திரும்பிவிடும், கேபிள் இழப்பும் கூடும். அந்த இரண்டையும் அந்த அலைவரிசையில் அளந்து எழுதிய ஒரு தாளோடு பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். டி.சி. அளவு அப்படியே செல்லும், ஆனாலும் ஒரு தடவை அவருடைய மல்டிமீட்டரை வைத்து 5 வாட்டுக்கு 6.7 டிகிரி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்.எஃப். கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.